பழைய கடைச்சற் பொறிக்கு உறுப்புத் தேடல்



எங்கள் வீட்டுக் கொட்டிலிலே மரம் கடையும் பொறியொன்று இருக்கிறது. இங்கிலாந்திலே, நொட்டிங்காம் நகரை அடுத்த பீஸ்டன் என்னும் ஊரிலே, மைபோர்ட் என்ற தொழிலகத்தாரால் ஆக்கப்பட்டது. எம்.எல். 8 என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்தின் பாடசாலைப் பட்டறைகளிலும் வீட்டுக் கொட்டில்களிலும் பல்லாண்டு காலம் உழைத்த பொறிவகை அது. மலைநாட்டுத் தோட்டமொன்றிலே பணியாற்றிய துரை ஒருவர் தம் ஊருக்குத் திரும்புங்கால் தட்டுமுட்டுப் பொருள்களை ஏலத்தில் விற்றார். அப்போது, 1964ஆம் ஆண்டில், என் தந்தையார் இதனை வாங்கி, லொறியில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார். கட்டிற்கால், தொட்டிற்கால், தயிர்மத்து, இடியப்ப உரல், பிள்ளைகளுக்குப் பம்பரம் என்று முப்பது ஆண்டுகள் அதிலே கடைந்து எங்களை வளர்த்தார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றோம். பொறியைத் தூக்கிச் செல்ல வழியேது? அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டின் கூரை பாதி இருந்தது. பொறியின் படுக்கையும் முன்தலையும் இருந்தன. கழற்றக்கூடியவை எல்லாம் போய்விட்டன: பின்தலை, உளித்தாங்கி, முகத்தட்டு, மின்மோட்டர், பெல்ட். பழைய இரும்புக்கு விலை உண்டல்லவா? எடுத்தவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. என் தந்தையார் எஞ்சியிருந்த பகுதிகளுக்குக் கிறீஸ் பூசி, சாக்கினால் மூடிக் கட்டினார். அதன்பின் அவர் அதனைத் திறக்கவேயில்லை. 2004ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

கணித ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற நான் 2018ஆம் ஆண்டிலே அந்தச் சாக்கை அவிழ்த்தேன். அதற்கு வேண்டிய உறுப்புக்களைத் தேடி அலைந்த ஐந்து ஆண்டுகளில் நான் கற்றவற்றையே இன்று உங்களுக்குக் கூற எண்ணுகிறேன். உங்கள் வீட்டிலுள்ளது கடைச்சற் பொறியாக இல்லாமற் போகலாம். பழைய தையற் பொறியோ, நீரிறைக்கும் இயந்திரமோ எதுவாயினும் ஆகுக. வழி ஏறத்தாழ ஒன்றே.

பொறியைப் பார்த்திராதவர்களுக்காக அதன் அமைப்பை முதலிற் சொல்லிவிடுகிறேன். நீண்ட படுக்கை ஒன்று உண்டு. எம்.எல். 8இல் அது உருளை வடிவானது. அதன் இடப்பக்கத்திலே முன்தலை நிலையாக நிற்கும். முன்தலையின் ஊடே சுழல்தண்டு செல்லும். மோட்டர் பெல்டின் மூலம் அதனைச் சுழற்றும். வலப்பக்கத்திலே பின்தலை, இது படுக்கையின் மீது முன்னும் பின்னும் நகரும். மரத்தை இவ்விரு தலைகளுக்கும் இடையிலே முனைகளாற் பிடித்துச் சுழற்ற, கடைபவர் உளியை உளித்தாங்கியின் மீது ஊன்றிச் செதுக்குவார். கிண்ணம் போன்றவற்றைக் கடைவதாயின் பின்தலை வேண்டியதில்லை. சுழல்தண்டின் நுனியிலுள்ள திருகுபுரியிலே முகத்தட்டு என்னும் இரும்பு வட்டத்தைத் திருகி, அதில் மரத்தை ஆணிகளாற் பொருத்திக் கடையலாம். பட்டறைகளிலே ‘சக்’ என்று வழங்கும் கவ்வியும் அதே புரியிலேதான் ஏறும்.

மாத்தளை மாவட்டத்திலுள்ள ஹப்புவிட என்ற கிராமத்திலே அரக்குப் பூசிய மரப்பொருள்களைச் செய்வோர் பரம்பரை பரம்பரையாக வாழ்கின்றனர். அவர்களுடைய பழைய கடைச்சற் பொறியிலே கயிற்றைச் சுற்றி இழுத்து மரத்தை முன்னும் பின்னும் சுழலச் செய்வர். சுழலும் மரத்தின்மேல் அரக்கை அழுத்தினால் உராய்வின் சூட்டிலே அது உருகிப் பூசப்படும். இத்தொழிலைக் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே விரித்து எழுதியிருக்கிறார். அந்தப் பொறிக்கு உறுப்புத் தேடி எவரும் கடல் கடக்க வேண்டியதில்லை. காட்டுத் தடியும் கயிறும் போதும். ஆலையிலே செய்த பொறியை வாங்கியவன் அந்த ஆலையின் அளவுகளுக்குக் கட்டுப்பட்டவன் ஆகிறான். ஆலை மூடப்பட்டாலும் அளவுகள் அவனை விடுவதில்லை.

மைபோர்ட் ஆலையும் மூடப்பட்டதே. 1934ஆம் ஆண்டில் செசில் மூர் என்பவர் தொடங்கிய அந்நிறுவனம் 2011ஆம் ஆண்டிலே பீஸ்டனில் தன் வேலையை நிறுத்தியது. பெயரையும் எஞ்சிய பண்டங்களையும் இங்கிலாந்தின் வேறொரு வணிகர் வாங்கிக்கொண்டனர். அவர்களிடம் கிடைப்பவற்றிற் பெரும்பகுதி அந்த ஆலை செய்த உலோகக் கடைச்சற் பொறிகளுக்கு உரியது. மரம் கடையும் எம்.எல். 8க்கு வேண்டியவற்றைப் பெரும்பாலும் பிறர் கைவிட்ட பொறிகளிலிருந்தே பெறவேண்டும்.

முதலிலே நான் செய்த பிழையைச் சொல்கிறேன். சுழல்தண்டின் நுனியை அடிமட்டத்தால் அளந்தேன். ஓர் அங்குலம். ‘ஓர் அங்குலப் புரிக்கு முகத்தட்டு’ என்று கணினி வழியே தேடினேன். அமெரிக்காவிலே ஒன்று மலிவாகக் கிடைத்தது. வரவழைத்தேன். பொருளின் விலையிலும் தபாற் செலவு அதிகம். வந்த தட்டை நுனியிலே வைத்துத் திருகினேன். அரைச் சுற்று ஏறிற்று, அதன்மேல் அசையவில்லை.

விடயம் இதுதான். புரிக்கு விட்டம் மட்டும் அளவன்று. ஓர் அங்குல நீளத்திலே எத்தனை புரிகள் உள்ளன என்பதும் அளவே. எம்.எல். 8இன் சுழல்தண்டு ஓர் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 12 புரிகளும் உடையது. அமெரிக்க மரக் கடைச்சற் பொறிகளிற் பலவற்றுக்கு விட்டம் அதே ஓர் அங்குலம், புரிகளோ 8. பிரித்தானிய நுண்புரி வரிசையிலே ஓர் அங்குலத் திருகாணிக்குப் புரி 10. இவையன்றி, நீர்க்குழாய் விற்கும் கடைக்குப் போய் ஓர் அங்குலப் புரி கேட்டால், அவர்கள் எடுத்துத் தருவதன் வெளிவிட்டம் 33 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. ஏனெனில் குழாயின் அளவு அதன் உட்துவாரத்தை ஒட்டிப் பெயர் பெற்றது. ‘ஓர் அங்குலம்’ என்ற ஒரு சொல்லுக்கு உலகிலே இத்தனை பொருள் இருப்பதை, நாற்பது ஆண்டுகள் அளவைக் கணக்குப் படிப்பித்த நான் அறுபதாம் வயதிற்குப் பின்னரே அறிந்தேன்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? 1841ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் யோசேப் விற்வேர்த் என்பவர், பட்டறைக்கு ஒரு புரி என்றிருந்த நிலையைக் கண்டு, எல்லாரும் ஒரே வகையாகப் புரி வெட்டவேண்டுமென ஓர் ஒழுங்கை முன்வைத்தார். அவருடைய புரியின் கோணம் 55 பாகை. 1864ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ், வெட்டுவதற்கு எளிது என்று 60 பாகைக் கோணமுள்ள வேறோர் ஒழுங்கை முன்வைத்தார். இரு தேசங்களும் தத்தம் வழியே சென்றன. இரண்டாம் உலகப் போரிலே ஒருவரின் போர்க்கருவிக்கு மற்றவரின் திருகாணி பொருந்தாமற் பெருந் தொல்லை விளைந்தது. அதன் பின்னரே, 1948ஆம் ஆண்டில், பிரித்தானியாவும் கனடாவும் அமெரிக்காவும் ஒரே புரிக்கு உடன்பட்டன. படைக்கலங்களுக்காக ஏற்பட்ட அந்த உடன்பாடு மரம் கடைபவனின் கொட்டிலுக்குள் வந்து சேரவில்லை. ஐரோப்பாவிலே இன்று செய்யப்படும் பெரிய கடைச்சற் பொறிகள் பல 33 மில்லிமீற்றர் விட்டமும் மூன்றரை மில்லிமீற்றர் புரியிடையும் கொண்டவை. பழைய பொறி வைத்திருப்பவன் அந்தப் பழைய பிரிவினையின் சுமையைத் தானே சுமக்க வேண்டியதுதான்.

அந்த அமெரிக்கத் தட்டைக் கண்ட நண்பர் ஒருவர், “நீளக் குழாயொன்றைப் போட்டு நெம்பித் திருகினால் ஏறிவிடும், மாஸ்டர்” என்றார். நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். அவ்வாறு செய்திருந்தால் சுழல்தண்டின் புரி அன்றே அழிந்திருக்கும். முகத்தட்டு கெட்டால் வேறொன்று வாங்கலாம். சுழல்தண்டு கெட்டால் பொறியே போயிற்று. கையால் இலேசாக ஏறாத எதனையும் சுழல்தண்டில் ஏற்றுவதில்லை என்று அன்று நான் விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டை இன்றுவரை மீறவில்லை. அமெரிக்கத் தட்டு வீண்போகவில்லை. காற்றிலே கதவு அடிபடாமலிருக்க அதைப் பாரமாக வைத்திருக்கிறோம்.

புரியை எண்ணும் முறையையும் கூறிவிடுகிறேன். அங்குல அடிமட்டத்தைப் புரியின் மீது படுக்கவைத்து, ஒரு புரியின் உச்சியைச் சுழியத்துக்கு நேரே நிறுத்துக. அந்த உச்சியை எண்ணலாகாது. அதற்கு அடுத்ததே ஒன்று. அங்குலக் கோட்டுக்கு வரும் உச்சிவரை எண்ணுக. முதல் உச்சியையும் சேர்த்து எண்ணிப் பன்னிரண்டைப் பதின்மூன்று என்று சொல்லி ஏமாந்தவர் பலர். புரிப்பகுதி ஓர் அங்குலத்துக்குக் குறைவாயின் அரை அங்குலத்துக்கு எண்ணி இரட்டிக்கலாம். ஆயினும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே அப்போது ஐயம் எழும். அதனைத் தீர்ப்பதற்குச் சீப்புப் போன்ற பல்லுடைய புரிமானி என்னும் சிறு கருவி உண்டு. அது இல்லாதவர் மெல்லிய தாளைப் புரியின் மீது வைத்து, பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளையே கடைக்கு எடுத்துச் செல்லலாம்.

புரியோடு வேலை முடிவதில்லை. புரி தட்டை இறுக்கிப் பிடிக்குமேயன்றி நேராக நிறுத்தாது. புரிக்குப் பின்னாலே சுழல்தண்டில் ஒரு தோள் இருக்கும். அந்தத் தோளிலே தட்டின் முதுகு முழுமையாகப் படியும்போதே தட்டு நடுங்காமற் சுழலும். ஆகவே தோள்வரை எவ்வளவு நீளம், புரியில்லாத வழுவழுப்பான பகுதி எவ்வளவு என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். தோளிலே துரும்போ துருவோ இருந்தால் நல்ல தட்டும் ஆடும்.

இரண்டாம் முறை நான் அவசரப்படவில்லை. இலண்டனிலே வாழும் என் தங்கையின் மகனுக்கு அளவுகளை எல்லாம் எழுதி அனுப்பினேன். சில வாரங்களில் அவர் தொலைபேசியில் அழைத்தார். “மாமா, மைபோர்ட் முகத்தட்டு ஒன்று கண்டிருக்கிறேன், வாங்கட்டா?” என்றார். விட்டத்தை அளந்து சொல்லும்படி கேட்டேன். ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைவு, ஓர் அங்குலத்துக்குக் கூட என்றார். அது அதே ஆலையின் எம்.எல். 7 என்ற உலோகக் கடைச்சற் பொறிக்கு உரியது. அதன் சுழல்தண்டு ஒன்றும் எட்டிலொரு பங்கும் அங்குலம். புரியோ அதே 12. எங்கள் பொறியிலே போட்டால் வளையல் போலத் தொங்கும். ஆலையின் பெயர் ஒன்றாக இருப்பதனால் உறுப்பும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணுவது, ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பதனால் உறவினர் என்று எண்ணுவதைப் போன்றது. அவ்வாறே வார்ப்பிரும்பின் மீது புடைப்பாகத் தெரியும் எண்களைக் கண்டும் மயங்கலாகாது. அவை பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண்கள். பொறியின் தொடர் எண் வேறு. அது வழக்கமாக உலோகத்திலே குத்தி இறக்கப்பட்டிருக்கும்.

2019ஆம் ஆண்டிலே மருமகன் விடுமுறைக்கு வந்தபோது உண்மையான எம்.எல். 8 முகத்தட்டு ஒன்றைத் தம் பெட்டிக்குள்ளே கொண்டுவந்தார். துணிகளுக்கு நடுவே இந்த இரும்பு வட்டத்தைக் கண்ட விமான நிலைய அதிகாரிகள் அவரை ஒதுக்கி நிறுத்தி விசாரித்ததாகச் சொன்னார். பாவம், மாமனுக்காகப் பட்ட பாடு. தட்டு இரு விரலாலே திருகத் தோள்வரை ஏறிப் படிந்தது.

அந்தத் தட்டைப் பெற்றதன் பெரும் பயன் மரத்தைப் பொருத்துவதிலே இல்லை. அது எனக்கு அளவுகோலாயிற்று. எங்களூரில் உலோகம் கடையும் லேத் பட்டறைகள் உள்ளன. மேலும் இரண்டு சிறு தட்டுக்களும், மரத்தைத் திருகிப் பிடிக்கும் ஆணித்தட்டு ஒன்றும் உள்ளூரிலே செய்வித்தால், ஒவ்வொன்றுக்கும் இலண்டனை நாட வேண்டியதில்லை அல்லவா?

முதற் பட்டறையிலே கொடுத்தேன். அவர்களுடைய பொறி மில்லிமீற்றர் அளவுப் பொறி. “பன்னிரண்டு புரி என்றால் இரண்டு மில்லிமீற்றர்தான், சேர், வித்தியாசம் தெரியாது” என்று சொல்லி வெட்டித் தந்தார்கள். கணக்குப் பார்த்திருக்கவேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதனைப் பன்னிரண்டாற் பிரித்தால் 2.117 வரும். ஒரு புரிக்கு வித்தியாசம் மில்லிமீற்றரிலே ஒன்பதில் ஒரு பங்கிலும் சற்றே கூட, கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் அது ஒவ்வொரு புரிக்கும் கூடிக்கொண்டே போகும். ஐந்தாம் புரியில் அரை மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். அந்தத் தட்டு மூன்று சுற்று ஏறி இறுகிற்று. என் கட்டுப்பாட்டை நினைத்து நிறுத்திக்கொண்டேன். கொடுத்த பணம் திரும்பவில்லை. இரும்பு என்னுடையது என்று அதையும் கட்டித் தந்தார்கள்.

இரண்டாம் பட்டறையிலே வயதான ஒருவர் இருந்தார். அவரிடம் பழைய ஆங்கில லேத் ஒன்று உண்டு. அதன் வழித்திருகு அங்குலத்துக்கு 8 புரி கொண்டது. எட்டிலிருந்து பன்னிரண்டு வெட்டுவதற்குப் பற்சில்லுகளை இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் மாற்றினாற் போதும் என்று அவர் மனக்கணக்காகச் சொன்னார். மேலும் அவர் செய்த ஒரு காரியத்தை நான் மறக்கமாட்டேன். தட்டை வெட்டத் தொடங்குமுன், நான் கொண்டுசென்ற இங்கிலாந்து முகத்தட்டினுள் சரியாக ஏறும்படி ஓர் எஃகுக் கட்டையிலே வெளிப்புரி வெட்டினார். அந்தக் கட்டை எங்கள் சுழல்தண்டு நுனியின் பிரதி ஆயிற்று. அதனைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டும் ஒவ்வொரு தட்டையும் பட்டறையிலிருந்தபடியே போட்டுப் பார்த்தார். பொறியைத் தூக்கிச் செல்ல முடியாதவனுக்கு இதனிலும் சிறந்த உபாயம் இல்லை. அந்தக் கட்டையை எண்ணெய்த் துணியிலே சுற்றி வைத்திருக்கிறேன். இனி எந்தப் பட்டறைக்குப் போனாலும் அதுவே என்னுடன் வரும்.

புரியை மாற்றித் தரும் இடைவளையங்களும் விற்பனைக்கு உள்ளன. உள்ளே பழைய பொறியின் புரி, வெளியே புதுக் கவ்வியின் புரி. அவற்றை நான் விரும்புவதில்லை. கவ்வி சுழல்தண்டின் தாங்கியிலிருந்து அவ்வளவு தூரம் வெளியே தள்ளி நிற்கும். பாரமும் அதிர்வும் கூடும். இதைவிட, உட்புரியை மட்டும் மாற்றிப் போடக்கூடிய கவ்விகள் நல்லவை. நியூசிலாந்து முதலிய நாடுகளிலே அவ்வகைக் கவ்விகளைச் செய்கிறார்கள். எதுவாயினும் சிறியதையே தெரிக. இந்தப் பொறியின் படுக்கைக்கு மேலே 8 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரம் சுழலாது. அப்படியிருக்கப் பெருங் கவ்வி எதற்கு?

இனிக் கூம்பைப் பற்றி. முன்தலையின் துவாரமும் பின்தலையின் துவாரமும் நேரானவை அல்ல. உள்ளே செல்லச் செல்லச் சிறுத்துவரும். முனைகளின் வாலும் அவ்வாறே கூம்பியிருக்கும். தட்டிச் செருகினால் உராய்வினாலேயே பிடித்துக்கொள்ளும். அமெரிக்கராகிய ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1860களிலே வகுத்த முறை இது. மோர்ஸ் கூம்பு என்று பெயர். முதலாம் இலக்கத்தின் அகன்ற வாய் 12 மில்லிமீற்றருக்குச் சற்றே கூட. இரண்டாம் இலக்கத்தினது 17.8 மில்லிமீற்றர். இன்று கடைகளிலே தாராளமாகக் கிடைப்பது இரண்டாம் இலக்கம். எங்களுடையது எது?

அதை அளக்கவேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. தென்மராட்சிக்குப் புறப்பட்ட அன்று இரவு, அம்மா அரிசியும் காணி உறுதியும் கட்டிக்கொண்டிருந்தபோது, தந்தையார் கொட்டிலுக்குட் சென்று சிறு இரும்புத் துண்டொன்றைக் கழற்றி மடியிலே செருகிக்கொண்டார். மரத்தைப் பற்றிச் சுழற்றுகின்ற நாற்பல் முனை அது. “ஐயா, இந்த நேரத்திலே அது எதற்கு?” என்று நான் சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவர் விடை கூறவில்லை. பாலத்திலே சனநெருக்கத்தில் பல மணி நேரம் நின்றபோதும், பின்னர் இரவலாகக் கிடைத்த கொட்டிலில் வாழ்ந்த மாதங்களிலும் அது அவரிடமே இருந்தது. அவருடைய கண்ணாடிக்கூட்டோடு அம்மா அதனை எடுத்து வைத்திருந்தார். 2018ஆம் ஆண்டிலே அதனை எடுத்து முன்தலையிலே செருகினேன். பொருந்திற்று. முதலாம் இலக்க மோர்ஸ் கூம்பு. பின்தலைக்கு வேண்டிய சுழலும் முனையை அந்தத் துண்டை முன்வைத்தே தேடினேன்.

உளித்தாங்கிக்காகப் பிற தேசம் போகவேண்டாம். தாங்கியின் தண்டு நுழையும் துவாரத்தை அளந்து, அதற்கேற்ற உருண்டைக் கம்பியின் தலையிலே தட்டையான இரும்புச் சட்டமொன்றை ஒட்டுவித்தேன். உளி வழுக்கிச் செல்லும் விளிம்பை அரத்தாலும் மணற்றாளாலும் நன்கு தேய்க்க வேண்டும். அங்கே சிறு பள்ளம் இருந்தாலும் உளி இடறி மரத்திலும் அந்தப் பள்ளம் விழும். தாங்கியைப் படுக்கையோடு இறுக்கும் அடிப்பிடி வார்ப்பிரும்பு. அதனை எஃகுத் தகட்டிலே வெட்டி ஒட்டிச் செய்தோம். அழகில்லை, பிடிக்கிறது. வார்ப்பிரும்பிலே செய்வதாயின் மரத்தில் அச்சுச் செய்து வார்க்கவேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்றளவு சுருங்கும். ஆதலின் அச்சை அவ்வளவு பெரிதாகச் செய்க.

மோட்டரும் பெல்டும் எளிது. அமெரிக்க மோட்டரை மலிவு என்று வாங்கவேண்டாம். அவை அவர்களுடைய மின்னழுத்தத்துக்கும் 60 சுழற்சிக்கும் ஆனவை. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 சுழற்சி. கொழும்பிலே வாங்கிய சாதாரண மோட்டரையே பூட்டியிருக்கிறேன்.

தாங்கியுருளைகள், அதாவது பேரிங்குகள், தேய்ந்திருந்தால் பழையதன் பக்கத்திலே பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். இன்றைய வழக்கிலே 6204, 6205 என்பன போன்ற எண்களின் கடைசி இரு இலக்கங்களை ஐந்தாற் பெருக்கினால் உட்துவாரத்தின் மில்லிமீற்றர் அளவு வரும்: 20, 25. ஆனால் பழைய ஆங்கிலப் பொறியின் தண்டு ஓர் அங்குலமாயின் அது 25.4 மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றர்ப் பேரிங் அதில் ஏறாது. ஏற்றுவதற்காகத் தண்டைத் தேய்க்கலாம் என்று எவரும் சொன்னால் அவரைப் பொறிக்குக் கிட்ட விடாதீர்கள். அங்குல அளவுப் பேரிங்குகள் இன்றும் செய்யப்படுகின்றன. ஆங்கிலச் சுரைகளும் அவ்வாறே. கால் அங்குல விற்வேர்த் சுரையின் பக்கத்தோடு பக்கம் 13.3 மில்லிமீற்றர், 13ஆம் இலக்கச் சாவி நுழையாது, 14 தளரும். தளர்ந்த சாவியால் சுரைகளின் மூலைகளை உருட்டிவிட்ட பின்னர் வருந்திப் பயனில்லை.

பின்தலைதான் என்னை நெடுங்காலம் காக்க வைத்தது. உருளைப் படுக்கையைப் பற்றும் அந்த வார்ப்பை உள்ளூரிலே செய்விக்க இரு இடங்களிற் கேட்டேன். சொன்ன விலைக்கு வேறொரு பொறியே வாங்கலாம். இங்கிலாந்திலே தேடலாம் என்றால் 2020இல் கொள்ளைநோய் வந்தது. 2022இல் நாட்டிலே அந்நியச் செலாவணி இல்லாமற் போய், மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையிலே நின்றனர். அந்தக் காலத்தில் பின்தலை இறக்குவதைப் பற்றி எண்ணவும் எனக்கு வெட்கமாயிருந்தது. முகத்தட்டிலே கடையக்கூடிய சிறு கிண்ணங்களை மட்டும் கடைந்துகொண்டிருந்தேன். இந்தப் பொறியின் மிகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 சுற்று. அகன்ற மரத்துக்கு அது வேகம் அதிகம் என்பதையும் அப்போது கண்டேன். மூலைகளை வாளால் அறுத்து வட்டமாக்காத மரத்தைப் பொறியிலே ஏற்றலாகாது.

2023ஆம் ஆண்டிலே, படுக்கை உடைந்துபோன எம்.எல். 8 ஒன்றை ஒருவர் இங்கிலாந்திலே துண்டு துண்டாக விற்பதாக மருமகன் அறிவித்தார். பின்தலை மட்டும் கப்பலிலே வந்தது. அதனைப் படுக்கையிலே ஏற்றி, முன்தலையில் தந்தையாரின் நாற்பல் முனையையும் பின்தலையில் புது முனையையும் செருகி, இரண்டையும் கிட்டக் கொண்டுவந்தேன். ஒன்றையொன்று நேர்நோக்க வேண்டும். நூலளவு விலகல் இருந்தது. வேறொரு பொறியோடு பிறந்த உறுப்பல்லவா? முனைகளுக்கிடையே கடைவதற்கு அந்த விலகல் தடையில்லை. பின்தலையிலே துளைகருவியைப் பொருத்தி ஆழமாகத் துளையிடுவதாயின் துளை அகன்றுவிடும். அதனைத் திருத்த நான் முயலவில்லை. துளைக்கும் வேலையை வேறு விதமாகச் செய்துகொள்கிறேன்.

கொட்டிலிலே பழைய பொறி வைத்திருப்போர் என்னிடம், “இதற்குச் செலவு செய்யலாமா?” என்று கேட்பதுண்டு. சுழல்தண்டு வளைந்திருந்தாலும், படுக்கையோ முன்தலையோ வெடித்திருந்தாலும் வேண்டாம் என்பேன். அவற்றை, இதே வகைப் பொறியை உயிர்ப்பிக்க முயலும் வேறொருவருக்குத் துண்டுகளாகக் கொடுத்துவிடுங்கள். அந்த உடைந்த பொறியின் சொந்தக்காரர் அப்படிச் செய்திராவிடின் எங்களுக்குப் பின்தலை கிடைத்திராது. பழைய இரும்புக்காரரிடம் மட்டும் நிறுத்துப் போடாதீர்கள். சுழல்தண்டு நேராக, தோள் பழுதில்லாமல் இருந்தால் மற்றவை எல்லாம் காலம் சென்றாலும் கிடைக்கும். மொத்தமாக நான் செலவிட்ட பணத்துக்குப் புதிய சிறு பொறியொன்று வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி கூறுகிறார். அவர் கணக்கிலே பிழை இல்லை.

பின்தலை வந்த பிறகு முதன்முதலாகப் பூவரசங் கட்டையிலே இடியப்ப உரலின் கைபிடிகள் இரண்டு கடைந்தேன். என் தந்தையார் கடைந்த பழைய உரல் எங்களிடம் இல்லை. அதுவும் 1995இலே போனது. தங்கையின் வீட்டிலே அவர் சீதனத்தோடு கொடுத்த உரல் ஒன்று இருக்கிறது. அதனை வாங்கி வந்து, அளந்து, அதைப் போலவே செய்தேன். என்னுடையதில் கைபிடியின் கழுத்து ஓரிடத்திலே தடித்துவிட்டது.

இன்னும் ஓர் உறுப்பு குறைகிறது. எம்.எல். 8இன் சுழல்தண்டு முன்தலையின் பின்பக்கத்திலும் வெளியே நீண்டிருக்கும். படுக்கைக்கு மேலே கொள்ளாத அகன்ற தட்டுக்களை அந்தப் பக்கத்திலே பூட்டிக் கடையலாம். அங்கே உள்ள புரி இடப்புரி; இல்லாவிடின் சுழலும்போது தட்டு தானே கழன்றுவிடும். அந்தப் பக்கத்துக்குரிய முகத்தட்டை நான் இன்னும் காணவில்லை. பழைய பட்டறையொன்றின் மூலையிலே, எதிலும் ஏறாத முகத்தட்டு ஒன்று கிடக்கக் காணும் நேயர்கள், அதனை எறிந்துவிடுமுன் ஒருமுறை இடப்பக்கமாகத் திருகிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.